மழைக்காட்டின் வயது



இன்றைய தலைப்பு மழைக்காடு. நெல்லும் கரும்பும் விளைகிற, சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிற இந்த நெய்வேலிச் சமவெளிக்காரர்களுக்கு அதைப் பேசக் கூடுதல் உரிமையே உண்டு என்று நினைக்கிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணுக்குக் கீழே ஒரு பெருங்காடு கிடக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு துளைத்தபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அந்தக் கறுப்பை நம்பித்தான் 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது.

பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். சில கட்டிகளில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். நகத்தால் கீறினால் பழுப்புத் தூள் உதிரும். புதிதாக வெட்டி எடுத்த கட்டியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம்தான். நாலு நாள் வெயிலில் கிடந்தால் காய்ந்து விரிசல் விடும். அது எந்தக் காட்டின் மரம்? மரம் மக்கினாலும் மகரந்தத் துகளின் மேலோடு லேசில் அழிவதில்லை. 1960-களில் சி.ஜி.கே. ராமானுஜம் நெய்வேலி நிலக்கரியில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து எழுதினார். பனைக் குடும்பத்தின் பல வகைகளும், வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் குறையாத காட்டுக்கு உரிய செடி கொடிகளும் அதில் தெரிந்தன. கடலோரச் சதுப்பும், அதன் மேட்டில் பசுமை மாறாக் காடுமாக இந்தப் பகுதி இருந்த காலம் அது. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி.

வடக்கே திருவக்கரைக்குப் போனவர்கள் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள். செம்மண் மேட்டில் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பட்டை, கணு, உள்வயிரம் எல்லாம் கல்லிலே தெரிகிறது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள இந்தக் கடலூர் மணற்கல்லில் கிடைத்த கல்மரங்களில் குங்கிலியக் குடும்பமும் புன்னைக் குடும்பமும் உண்டு. குங்கிலியக் குடும்பத்து மரங்களை இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவில் உயிரோடு பார்க்கலாம். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் என்ற இடத்திலும் நம்மூரைப் போலவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே நிலக்கரிக்கு இடையில் உறைந்த பிசின் கட்டிகள் கிடைத்தன. ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுப் பழைய பிசின். அதுவும் குங்கிலியக் குடும்பத்து மரம் கசிந்ததே. எறும்பு, தேனீ, கொசு வகை என்று நூற்றுக்கணக்கான பூச்சிகள் இறகு மடியாமல் அதற்குள் கிடந்தன. 2010-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

இப்படி இந்தியாவின் பெரும்பகுதியில் பரவியிருந்த ஈரக்காடு, நிலம் வடக்கே நகர நகர, மழை ஒரு பருவத்துக்குள் சுருங்கச் சுருங்க, பின்வாங்கியது. கடற்காற்றை மறித்து மழையைக் கறக்கும் மலை இருந்த இடத்தில் மட்டும் தங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று நாம் காண்பது அந்தக் காட்டின் வழித்தோன்றல். 2012-இல் அதன் 39 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. களக்காடு முண்டந்துறையும் ஆனைமலையைச் சேர்ந்த கரியன் சோலையும் புல்மலையும் அந்தப் பட்டியலில் நம் பங்கில் சில.

பழமைக்குச் சான்றாக ஒரு தவளையைச் சொல்கிறேன். 2003-இல் இடுக்கிப் பக்கத்தில் கண்டுபிடித்து அறிவித்த ஊதா நிறத் தவளை அது. ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கரையானைத் தின்று வாழும். முதல் மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வந்து இணைசேரும். அதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுக் குடும்பம் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்துமாக்கடலின் நடுவே சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அந்தத் தீவுகளும் நம் நிலமும் ஒட்டியிருந்த காலத்தில் பிரிந்த குடும்பம். 2017-இல் அதே பேரினத்தின் இன்னொரு இனத்தைத் தமிழ்நாட்டில், திருவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவில் கண்டார்கள். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவத்தில் முட்டையிடும். இது நம்மைப் போல வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

மழைக்காடு பழமையானது என்றால் மரங்கள் எல்லாம் ஆயிரம் வயது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே மரம் விழுந்துகொண்டே இருக்கிறது. விழுந்த இடத்தில் வெளிச்சம் இறங்கி இளங்கன்று எழுந்துகொண்டே இருக்கிறது. எதற்கு வயது அதிகம் என்றால், மரத்துக்கும் பறவைக்கும், பூவுக்கும் வௌவாலுக்கும், பழத்துக்கும் குரங்குக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குத்தான். இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். மரத்தை நட்டுவிடலாம். அந்தக் கொடுக்கல் வாங்கலை நட முடியாது.

பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப் போனால், அங்கிருந்து வனத்துறை வழிகாட்டியோடு கரியன் சோலைக்குள் நடக்கலாம். சோலைக்குள் காலெடுத்து வைத்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெயிலில் இருந்து வந்த கண் பழகச் சற்று நேரமாகும். மேலே விதானம் அப்படி மூடிக் கிடக்கிறது. வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. அடிமரத்தைச் சுற்றிப் பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு விரிந்து நிற்கும். ஆழமாக வேர்விட அங்கே காரணம் இல்லை. காட்டின் சத்தில் பெரும் பங்கு மண்ணில் இல்லை, நிற்கும் மரத்திலும் நேற்று விழுந்த சருகிலும்தான் இருக்கிறது. சருகைக் கொஞ்சம் ஒதுக்கிப் பாருங்கள்: வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கும், அதற்குள்ளேயே மெல்லிய வேர் நுழைந்திருக்கும். விழுந்த இலை மண்ணாகி முடிவதற்குள் மரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெட்டித் தள்ளிய மழைக்காட்டு நிலம் சில மழையிலேயே சத்திழந்து போவதன் காரணம் இதுவே. உழவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் போனால் அட்டை ஏறும். இலை நுனியில் நூல் போல எழுந்து நின்று, உங்கள் மூச்சு வரும் திசைக்கு ஆடும். பயப்படாதீர்கள். காலுறைக்கு மேல் துணியுறை கட்டிக்கொண்டால் போதும். அட்டை இருக்கிறது என்றால் ஈரமும் விலங்கு நடமாட்டமும் இருக்கிறது என்று பொருள்.

வால்பாறைப் பக்கமும், தெற்கே களக்காட்டு மலையில் காக்காச்சி, கோதையாறு பக்கமும் ஒரு மரம் நிறைய நிற்கிறது. வெடிப்பலா என்பார்கள். பிப்ரவரி வாக்கில், காட்டில் வேறு பழம் அருகிப்போகிற நாளில், அது கிளைத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழ் கிடையாது, தடித்த குழல் மட்டும், உள்ளே தேன். இரவில் வௌவால் வருகிறது, பகலில் சோலைமந்தியும் கருமந்தியும் மலையணிலும் அந்தக் குழலைப் பறித்துத் தின்கின்றன. பூவைத் தின்றால் மரத்துக்கு நட்டம்தானே என்று தோன்றும். ஒரு மரம் பூக்கும் பூவைக் கணக்கிட்டால், தின்றது போக மிச்சம் ஏராளம். தேடி வருகிறவர்களில் சிலர் மகரந்தத்தையும் முகத்தில் சுமந்து அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிறகு காய்க்கும். உடல் முழுக்க முள், பிளந்தால் உள்ளே கொட்டை. சோலைமந்தி அந்த முள்ளைப் பொருட்படுத்தாமல் உடைத்துத் தின்பதைப் பார்க்க வேண்டும்! பிடரியில் வெள்ளை மயிர் சிலிர்க்க, இரண்டு கையாலும் காயை உருட்டி, பல்லால் பிளவைத் தேடும். உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலை மட்டுமே அதன் ஊர்.

அடுத்து இருவாச்சி. அது பறப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்கலாம். இறக்கை வீசும் ஓசை அவ்வளவு பலம். இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, எச்சத்தைக் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழமும் காட்டுப்பழமும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அந்த ஆணைச் சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பமும் பசியில் விழும். அந்த அளவு பொந்து விழ மரம் எத்தனை தலைமுறை நிற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பதிலுக்கு இருவாச்சி பெரிய கொட்டையுள்ள பழங்களை விழுங்கி, தொலைவில் கக்கி, காடு முழுக்க விதைக்கிறது. மற்றச் சிறு பறவைகளின் தொண்டைக்குள் அந்தக் கொட்டை நுழையாது. இரவில் இதே வேலையைப் பழுப்பு மரநாய் செய்கிறது. களக்காடு முண்டந்துறையில் அதன் எச்சத்தைப் பொறுக்கி ஆய்ந்துதான் ஆய்வாளர் திவ்யா முடப்பா இதைத் துலக்கினார்.

இந்தச் செய்தியெல்லாம் நூலறிவு மட்டும் என்று எண்ணக் கூடாது. கேரளத்து வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளை ஆண்டுதோறும் பார்த்துக் காத்து வருகிறவர்கள் காடர் பழங்குடியினர். முன்பு குஞ்சை எடுத்துத் தின்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அறிந்த அதே அறிவு இப்போது காவலாகியிருக்கிறது. நம் ஆனைமலையிலும் காடர், மலைமலசர், முதுவர், புலையர் இருக்கிறார்கள். காப்புக்காடு என்று கோடு கிழிக்கும்போது அவர்களை வெளியே நிறுத்துவது அநீதி. 2006-இன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் பல குடியிருப்புகள் நிலத்துக்கும் பாதைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. நிலம் கைமாறும்போது ஒரு ஊர் படும் பாட்டை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஜூலையில் சுரங்கத்தின் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது.

காட்டை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வால்பாறை ஒரு பாடநூல். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் தேயிலைப் பச்சை விரியும். அழகுதான். ஆனால் 1890-களில் தொடங்கி ஒரு தலைமுறைக்குள் மழைக்காட்டை வெட்டி வைத்த பச்சை அது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்தில், எஸ்டேட்டுகளுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள் தீவுகளாக மிஞ்சின. புதுத்தோட்டம் என்ற துண்டில் சிக்கிய சோலைமந்திகள் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன, வீட்டுக் கூரையில் ஏறுகின்றன. வண்டியில் அடிபட்டும் சாகின்றன. இயல்பில் விதானத்தை விட்டு இறங்காத விலங்கு அது. மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், மந்திகளும் அவற்றைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டன.

அங்கே இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வேலை செய்து வருகிறார்கள். சாலையோரம் விழும் காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மரவகைகளை வளர்த்து, உண்ணிச்செடி மண்டிய துண்டுகளைத் துப்புரவாக்கி, மழை பிடித்ததும் நடுகிறார்கள். எஸ்டேட் நிர்வாகங்களும் இடம் தந்திருக்கின்றன. நட்ட துண்டுகளையும், தானே வளரட்டும் என்று விட்ட துண்டுகளையும், கைபடாத பழங்காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நட்ட இடத்தில் மரவகையும் கரிமச் சேமிப்பும் விட்ட இடத்தைவிட வேகமாகக் கூடியிருந்தன. பழங்காட்டின் அளவை இன்னும் தொடவில்லை. இதை நான் நம்பிக்கையான செய்தியாகவும் எச்சரிக்கையாகவும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். மீட்க முடியும், ஆனால் அதற்கு மனித ஆயுள் போதாது. ஓரிடத்தில் அழித்துவிட்டு இன்னோர் இடத்தில் அதே எண்ணிக்கையில் மரம் நட்டுக் கணக்கு நேர் செய்கிறோம் என்று எவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மின்சாரம் விளையும் ஊர் இது. எனவே அமைதிப் பள்ளத்தாக்கை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். நீலகிரியின் தென்மேற்கு மூலையில், குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970-களில் திட்டமிட்டார்கள். காடு மூழ்கும் என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் ஆசிரியர்களும் விலங்கியலாளர்களும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. கவிஞர் சுகதகுமாரி கவிதையோடு தெருவுக்கு வந்தார். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. திரும்பக் கிடைக்காத ஒன்றை, வேறு வழியில் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காகக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நெய்வேலியிலும் கேட்கத் தக்கதே.

அந்த மலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், பக்கத்துச் சேத்தியாத்தோப்பைக் காட்டுங்கள். குடகு மலையின் ஈரக்காட்டில் ஊறிய நீர் காவிரியாகி, கொள்ளிடமாகி, கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்துதான் சேத்தியாத்தோப்பு, வடக்குத்து வழியாகச் சென்னை வீடுகளுக்குக் குழாயில் போகிறது. மலைக்காடு மழையைப் பிடித்து நிறுத்தி மெல்ல விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடையில் நீர் ஓடுகிறது.

மலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் மாண்ட பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதை அரசு இறுக்கியது. 2024-இல் நாற்பது பாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு இணையத்தில் முன்பதிவு செய்து போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்த வழியில் போங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் பாதிவரை தீப்பருவம். பாதைகளை மூடுவது வழக்கம். ஒலிபெருக்கி, வாசனைத் திரவியம், பளபளக்கும் சட்டை மூன்றையும் வீட்டில் வைத்துவிடுங்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். வெடிப்பலா உடைக்கும் கையை அது பிச்சை எடுக்கப் பழக்கிவிடும். புலியைப் பார்க்கவில்லையே என்று வருந்தாதீர்கள். ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் நின்று மேலே பார்த்தால், நடந்து களைத்தவர் காணாததைக் காண்பீர்கள்.

மலைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கெடிலக் கரையில் திருமாணிக்குழி, கடலூருக்குப் பக்கம் குழந்தைக்குப்பம் ஆகிய ஊர்களின் கோயில்காடுகளை 1990-களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதி குழுவினர் மரம் மரமாக எண்ணி எழுதினார்கள். சுமார் 1200 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போகும் மழை. ஆனால் இலை உதிர்க்காத காடு. உயரம் குறைவு, இலை சின்னது, தடிப்பானது. காசான், வீரை, பாலை, குருந்து என்று இந்தக் கடற்கரைக் காட்டுக்கு உரிய மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அய்யனாருக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்த காடு. இப்போது கோயிலைப் பெரிதாக்குகிறோம், வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று ஓரத்திலிருந்து தேய்ந்து வருவதைப் பார்க்க மனம் பதறுகிறது. குதிரைக்கும் அய்யனாருக்கும் வண்ணம் பூசுகிற பக்தி, காசானையும் வீரையையும் கும்பிட மறந்துவிட்டது.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஆண்டு முதல் இந்தச் சொற்பொழிவுச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, இந்த ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மூன்று இடத்துக்கு அழைத்துப் போங்கள். முதலில் திருமாணிக்குழி, அரை நாளில் போய்த் திரும்பலாம், மரப்பெயர் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு திருவக்கரை. மூன்றாவதாக, டிசம்பர் அல்லது ஜனவரியில் கரியன் சோலை. போகும்போது சுரங்கத்தில் எடுத்த நிலக்கரிக் கட்டி ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். ரேகை தெரியும் கட்டியாகப் பார்த்துக் கொடுங்கள். சோலைக்குள் விழுந்து கிடக்கும் மரத்தோடு அதை வைத்துப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் அவர்கள் எழுதித் தருவதை அடுத்த ஆண்டு சொற்பொழிவோடு சேர்த்து அச்சிடுங்கள். முதல் ஆண்டுப் பயணத்துக்குத் துணையாக வர நான் ஒப்புக்கொள்கிறேன்.